இடது பக்கம் பெங்களூரு, வலது பக்கம் ஓசூர்... நடுவில் ஒரு துருவ நட்சத்திரம்!

"வடக்கு எது பாப்பா?"

பாறை மேல் ட்ரைபாட்டை விரித்துக்கொண்டே அண்ணன் கேட்டார். நான் செல்போனை எடுத்தேன்.

"போனை உள்ளே வை. கண்ணால பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அண்ணியின் அப்பா நிலத்தில் இருக்கிறது அந்தச் சின்னப் பாறை. அதில் ஏறி நின்றால் மூன்று பக்கமும் கும்மிருட்டு. ஒரு பக்கம் மட்டும் வானத்தின் அடியில் வெளிச்சம், இரண்டு குவியலாக.

"வலது பக்கம் இருக்கறது ஓசூர். இடது பக்கம் பெங்களூரு. ரெண்டுக்கும் நடுவுலதான் வடக்கு. இன்னிக்கு நமக்கு வேண்டிய நட்சத்திரமும் அங்கேதான் இருக்கு" என்று சிரித்தார் அண்ணன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். மறுநாள் தை அமாவாசை. நிலா இல்லாத இரவு. வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் முகூர்த்த நாள்!

அண்ணன் என் பெரியப்பா மகன். ஓசூர் சிப்காட்டில் கியர் வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை. பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போகிறவர். இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், மகளைக் காட்டுவார். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். துருவன் கதையைக் கேட்டுவிட்டு ஒரு நாள், "அந்த நட்சத்திரத்தைக் காட்டுப்பா" என்றாளாம். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வடக்கே நான்கு மாடிக் கட்டடம். அதற்கு மேலே ஃப்ளட்லைட். அதற்கும் மேலே வெளுத்துப்போன வானம்.

"கதையில மட்டும்தான் இருக்குமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள் குட்டி. அண்ணன் இறங்கவில்லை. இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்.

வானம் ஓடுது... நாமும் ஓடணும்!

வானத்தைப் படம் எடுக்க நல்ல கேமரா இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதாது. காரணம், பூமி சுற்றுகிறது. அதனால் நட்சத்திரங்கள் எல்லாம் மணிக்கு 15 டிகிரி வேகத்தில் நகர்வதுபோலத் தெரிகின்றன. முழு நிலாவின் அகலம் அரை டிகிரி. அந்த அகலத்தை ஒரு நட்சத்திரம் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். நெபுலா மாதிரி மங்கலான பொருளைப் படம் எடுக்க ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் புள்ளி கோடாகிவிடும்.

ஆகவே கேமராவும் வானத்தோடு சேர்ந்து நகர வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதாரண ட்ரைபாட் இதற்கு உதவாது. வானம் நேராக ஓடவில்லை, சுற்றுகிறது. செக்கு மாடு மாதிரி! நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றி மாடு. வானத்துச் செக்கின் நடுமரம், பூமியின் அச்சு. நம் கருவியின் ஓர் அச்சை அந்த நடுமரத்துக்கு இணையாகச் சாய்த்து நிறுத்திவிட்டால், அந்த ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். இப்படிச் சாய்த்து நிறுத்தும் தாங்கிக்குப் பெயர்தான் ஈக்வடோரியல் மவுன்ட்.

நல்ல மவுன்ட் புதிதாக வாங்கினால் ஒரு பைக் வாங்கும் காசு ஆகும். அண்ணனின் முதல் மவுன்ட் அந்த ரகம் இல்லை. இரண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு எம்6 போல்ட். இந்த போல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மில்லிமீட்டர் ஏறும். கீலில் இருந்து சரியாக 229 மில்லிமீட்டர் தள்ளி போல்ட்டைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் சுற்றினால் மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். கீலின் கோடு துருவத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகம் முழுக்க அமெச்சூர்கள் செய்து பார்த்த எளிய கருவி இது. உங்கள் ஊர் ஆசாரியிடம் சொன்னால் ஒரே நாளில் செய்துகொடுத்துவிடுவார். சாதாரண லென்ஸோடு இரண்டு மூன்று நிமிடப் படங்களுக்கு இதுவே தாங்கும்.

பன்னிரண்டரை டிகிரி ஊர்

இப்போது அண்ணனிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிஜ மவுன்ட். முதலில் ட்ரைபாட்டைப் பாறையில் ஊன்றினார். உழுத மண்ணில் வைத்தால் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால்தான் பாறை. ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தார். பிறகு மவுன்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் டிகிரி அளவில் முள்ளைத் திருப்பி நிறுத்தினார். பன்னிரண்டரை.

"ஏன் பன்னிரண்டரை?"

"இந்த ஊரோட அட்சரேகை அதுதானே!"

பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்த விஷயம். துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. டெல்லியில் இருபத்தெட்டரை டிகிரி. சென்னையில் 13. கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, தேன்கனிக்கோட்டையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி, அதற்கு மேல் ஒன்றிரண்டு விரல். அவ்வளவு தாழ்வு!

இந்தத் தாழ்வுதான் நம் ஊர்க்காரர்களின் தலைவலி. ஐம்பது மீட்டர் தள்ளி 12 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் இருந்தாலே துருவம் மறைந்துவிடும். டெல்லியில் அதை மறைக்க 27 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். ஓசூர் மொட்டைமாடியில் அண்ணன் தோற்றதற்குக் காரணம் புரிகிறதா? தூசியும் புகையும் ஊர் வெளிச்சமும் அடர்ந்து கிடப்பதும் அடிவானத்தை ஒட்டித்தான். நம் ஊரில் வெளிச்சம் முதலில் விழுங்குவது துருவ நட்சத்திரத்தைத்தான்.

தலைவலி இன்னொன்றும் உண்டு. மவுன்ட்டில் ஒரு பக்கம் தொலைநோக்கி, மறுபக்கம் அதற்கு ஈடாக எதிர் எடை. அச்சு அதிகம் சாய்ந்திருக்கும் வடக்கத்திய நாடுகளில் அந்த எடை ட்ரைபாட்டை விட்டு விலகித் தொங்கும். நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் எடைக் கம்பி நேர் கீழே இறங்கி, வடக்குப் பக்கத்து ட்ரைபாட் காலில் இடிக்கும். கவனிக்காமல் விட்டால் நள்ளிரவில் 'டங்'கென்று முட்டி மோட்டார் திணறும். மவுன்ட்டை உயர்த்த நடுவில் ஒரு குழாய் வைத்தால் பிரச்னை தீரும். கடையில் கேட்டால் காசு. அண்ணன் தன் நண்பரின் லேத் பட்டறையில் அலுமினியக் குழாயைக் கடைந்து வாங்கிவிட்டார்.

"ஓசூர்ல இருந்துக்கிட்டு ஒரு குழாய்க்காக வெளியூர் தேடிப் போனா கேவலம் இல்லையா?"

ஒரு மைக்ரான் தப்பு

அடுத்தது பேலன்ஸ். அச்சின் பூட்டைத் தளர்த்தி, தொலைநோக்கி எந்தப் பக்கம் திருப்பினாலும் விழாமல் நிற்கும்வரை எடையை நகர்த்தினார். கடைசியில் கிழக்குப் பக்கத்தை மட்டும் ஒரு பொட்டு கனமாக விட்டார். கியர் பல்லும் பல்லும் எப்போதும் ஒட்டியே இருக்க இந்த உபாயமாம்.

"அடிப்படையில இது ஒரு கடிகாரம் பாப்பா. என்ன, 24 மணி நேரத்துல சுத்தாது. 23 மணி 56 நிமிஷம் 4 விநாடியில ஒரு சுத்து. நட்சத்திரங்களோட நாள் அவ்வளவுதான்."

கடிகாரத்துக்கும் தொலைநோக்கிக்கும் உறவு பழையது. 1824-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரான்ஹோஃபர் செய்த தொலைநோக்கி, இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்தில் நிறுத்தப்பட்டது. எடை ஒன்று மெல்ல இறங்க, அந்த இழுவையில் ஓடும் கடிகார இயந்திரம் தொலைநோக்கியைத் திருப்பியது. அண்ணனின் மவுன்ட்டும் அந்த வம்சம்தான். எடைக்குப் பதில் சின்ன மோட்டார்.

உள்ளே வார்ம் கியர். 180 பல் சக்கரம் என்றால், அதைத் திருப்பும் வார்ம் சுமார் 8 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். சக்கரம் 10 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பல்லில் ஒரே ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால், வானத்தில் குறி 4 விகலை நகரும். நிலாவின் அகலத்தில் 450-ல் ஒரு பங்கு. கேட்க அற்பம். பெரிதாக்கிய படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் கொழுத்துப்போயிருக்கும்.

டைட்டன் வாட்ச் தொழிற்சாலை இருக்கிற ஊர், லாரியும் பைக்கும் அவற்றின் பாகங்களும் உருவாகிற ஊர். மைக்ரான் என்ற வார்த்தையை டீக்கடையிலேயே கேட்கலாம். "பகல்ல எட்டு மணி நேரம் மைக்ரானுக்காக சூப்பர்வைசர்கிட்டத் திட்டு வாங்கறேன். ராத்திரி இங்கே வந்து வானத்துக்கிட்ட வாங்கறேன்" என்றார் அண்ணன்.

அரிசி நட்சத்திரங்கள்

இனிதான் முக்கியமான கட்டம். அச்சை வான துருவத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். மவுன்ட்டின் அச்சுக்குள்ளேயே ஒரு குட்டித் தொலைநோக்கி இருக்கும். அதன் வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து, அதற்குரிய இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நடுப்புள்ளியில் வைத்துவிடக் கூடாது! துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. அரை டிகிரிக்கும் சற்று அதிகமாகத் தள்ளி நிற்கிறது, ஒரு நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். செக்கு மரம் அது இல்லை, மரத்துக்கு மிக அருகே கட்டிய மாடு. அதுவும் சுற்றுகிறது. இந்த நிமிடத்தில் அது துருவத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை செல்போன் ஆப் கடிகார முள்போலக் காட்டிவிடும்.

குனிந்து பார்த்த அண்ணன் நிமிர்ந்தார். "புளியமரம்!"

வடக்கே வரப்போரம் நிற்கிற புளியமரத்தின் உச்சிக் கிளைகளுக்குப் பின்னால் துருவ நட்சத்திரம் மறைந்திருந்தது. களத்துப் பக்கம் போனால் தெரியும். ஆனால், அங்கே மண் தளர்வு. கெட்டியான தரை இந்தப் பாறை மட்டும்தான்.

"காம்பஸ் வெச்சுக்கலாமே?" என்றேன். காந்த வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றல்ல. போதாக்குறைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பும் காரும் முள்ளை இழுக்கும். தோராயத்துக்கு உதவும், படத்துக்கு உதவாது. அண்ணன் காம்பஸை வைத்துத் தோராயமாக நிறுத்தி, ஓரியன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தார். கேமராத் திரையில் பார்த்தால்... நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டிருந்தன.

"பரவாயில்லை. அரிசியே வழி சொல்லும்" என்றார்.

துருவம் தெரியாத இடத்தில் இருந்துகொண்டே துருவத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. ஓரியனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா, திருவாதிரைக்குக் கொஞ்சம் கீழே? அவற்றில் மேலே இருப்பது ஏறக்குறைய வான நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இரவு பத்து மணியை ஒட்டி அது உச்சிக்கு வந்தது. அதை ஐபீஸில் குறுக்குக்கோட்டின் நடுவில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருந்தோம். நட்சத்திரம் தெற்கே நழுவினால் மவுன்ட்டின் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே தள்ளியிருக்கிறது. எங்களுடையது தெற்கே நழுவியது. அண்ணன் பக்கவாட்டுத் திருகை அரைக்கால் சுற்று திருப்பினார். மறுபடி காத்திருப்பு. மறுபடி கால் சுற்று.

அது நின்றதும் கிழக்கே, அப்போதுதான் மேலே ஏறிவந்திருந்த மக நட்சத்திரம். அங்கே தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. திருகு. காத்திரு. திருகு. முக்கால் மணி நேரம் இதே வேலை. தைப் பனியில் விரல் விறைத்துப்போனது. அண்ணி ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக்கொடுத்தார். குட்டி காருக்குள் போர்வையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக எடுத்த இரண்டு நிமிடப் படத்தில் நட்சத்திரம் எல்லாம் கடுகு! நடுவே ரோஜா நிறத்தில் ஒரு புகை. ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் புது நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். புளியமரத்துக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்காமலே அதை நோக்கி அச்சைத் திருப்பிவிட்டார் என் அண்ணன்.

இருட்டு யாருக்கு வேண்டும்?

மொத்தம் அறுபது படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பதாகத் திட்டம். படங்கள் நாலு மடங்கானால் படத்தின் புள்ளிக்கரகரப்பு பாதியாகக் குறையும். பதினேழாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் தகரம் தட்டும் சத்தம். பிறகு கூச்சல். பிறகு வரிசையாக டார்ச் வெளிச்சம்.

"யானை" என்றார் மாமா, அதாவது அண்ணியின் அப்பா. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ராகி விளையும் காலத்தில் பன்னேர்கட்டா காடுகளில் இருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. அறுத்துப் போராகப் போட்ட ராகியைக் காக்க, ராத்திரி முழுக்க ஆள் விழித்திருப்பார்கள். மாமா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணனைத்தான் ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் யோசிக்கவே இல்லை. கேமராவை நிறுத்தினார், காரில் ஏறினார், ஹெட்லைட்டை முழுசாகப் போட்டு ஓடைப்பக்கம் திருப்பினார். முக்கால் மணி நேரம் வயல் பட்டப்பகல்போல இருந்தது.

அன்று யானைகள் எங்கள் பக்கம் வரவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்த மாமா சொன்னார்: "நீங்க இருட்டு வேணும்னு வர்றீங்க. நாங்க வெளிச்சம் வேணும்னு உக்காந்திருக்கோம் கண்ணு."

என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அவரே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. எங்க லைட்டு யானை போனதும் அணைஞ்சுடும். அந்த லைட்டு எதுக்கு எரியுது?" என்று வடக்கே கை காட்டினார். "முன்னாடி காவலுக்கு உக்காந்தா கார்த்திகையைப் பார்த்துத்தான் மணி சொல்லுவோம். இப்போ பாதி நட்சத்திரம் எங்கே போச்சுன்னே தெரியலை."

அவர் நிலத்தில் இருந்து ஓசூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். பெங்களூரு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஜூஜுவாடியில் மாநில எல்லை இருக்கிறது. யானைக்கும் அது தெரியாது, வெளிச்சத்துக்கும் தெரியாது.

அதே சாய்வு, காவலூரில்!

பன்னிரண்டரை டிகிரி என்று அண்ணன் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மேப்பில் தேடினேன். தேன்கனிக்கோட்டையில் இருந்து கிழக்கே ஒரு கோடு போட்டால் கிருஷ்ணகிரி. அதே கோட்டை இன்னும் நீட்டினால், மிகக் கொஞ்சம் வடக்கே தள்ளி... காவலூர்! நாட்டின் புகழ்பெற்ற வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக் கிராமம்.

இரண்டு வாரம் கழித்து அனுமதி பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினோம். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி. வழியெல்லாம் மாமரங்கள் பூத்திருந்தன. கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி. அங்கிருந்து ஆலங்காயம் வழியே மலைப்பாதை. இப்போது இது திருப்பத்தூர் மாவட்டம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூரைகள் தெரிந்ததும் குட்டி கத்திவிட்டாள்.

வைணு பாப்பு 1927-ல் பிறந்தவர். கோடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தபோது, இரவு வானத்துக்கு ஏற்ற இருட்டான இடத்தைத் தேடிக் கண்டடைந்தது காவலூரை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கிருந்து தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, கோளுக்கு வெளியிலேயே அந்த நட்சத்திரம் மங்கியதைப் பதிவுசெய்த வானாய்வகங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

பெரிய கூண்டுக்குள் இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கியது. 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார். 2016-ல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கி இதுதான்.

அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மவுன்ட்டைத்தான் பார்த்தார். வடக்குப் பக்கம் குதிரை லாட வடிவில் ஒரு பெரிய இரும்பு வளைவு. தெற்கே இருந்து அதை நோக்கி மெல்ல உயரும் சட்டகம். நடுவே தொலைநோக்கி. லாடத்தின் வாய் திறந்திருப்பதால் வடதுருவப் பக்கமும் தொலைநோக்கியைத் திருப்பலாம். தாழ்ந்த அட்சரேகைக்கென்றே பொருத்தமான அமைப்பு.

"படுத்த மாதிரி இருக்கு பாரு. நம்ம பன்னிரண்டரை!" என்றார். குரல் கம்மியிருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி, லேத்தில் குழாய் கடைந்து, புளியமரத்தோடு மல்லுக்கட்டி நிறுத்திய அவருடைய மவுன்ட்டும் இந்த இரும்பு மலையும் ஒரே திசையைப் பார்த்து, ஒரே சாய்வில் நிற்கின்றன.

இப்போது வரும் பெரிய தொலைநோக்கிகள் இப்படிச் சாய்ந்து நிற்பதில்லை. மேல்-கீழ், இட-வலம் என இரண்டு அச்சையும் கம்ப்யூட்டரே கணக்குப்போட்டுத் திருப்புகிறது. லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் தொலைநோக்கி அந்த வகை. ஹன்லே பகுதி 2022-ல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் சரணாலயம் இருப்பதுபோல இருட்டுக்கும் ஒரு சரணாலயம். இருட்டைத் தேடி அவ்வளவு உயரம் ஏற எல்லோராலும் முடியுமா?

விளக்கை அணைக்க வேண்டாம்... குனிய வையுங்கள்!

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஓசூரில் விளக்குகளை அணைக்கச் சொல்ல நான் யார்? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்துபோகும் பெண்களுக்குத் தெருவிளக்கு வேண்டும். ஆனால், தெருவுக்குத்தானே விளக்கு, வானத்துக்கு இல்லையே! வெளிச்சம் பக்கவாட்டிலும் மேலேயும் சிதறாமல், மூடி போட்டுத் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தால், அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் தரலாம். ஆள் இல்லாத யார்டில் விடிய விடிய எரியும் ஃப்ளட்லைட்டுக்கு, ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் போதும். கண்ணைக் கூசும் நீலவெள்ளைக்குப் பதில் இதமான மஞ்சள் போடலாம். வீட்டு மொட்டைமாடி விளக்கில் இருந்தே தொடங்கலாம்.

வானம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருட்டு அழகுதான். ஆனால், அது யானைகளின் வீடு. அனுமதி இல்லாமல் இரவில் காட்டுப் பக்கம் போகாதீர்கள். தெரிந்தவர் நிலத்தில், அவர்கள் துணையோடு மட்டும் உட்காருங்கள். காவலூருக்குப் போவதானால் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்வையாளர் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த அமாவாசை இரவின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் அணைந்த பிறகு மணி பன்னிரண்டரை. ஓரியனுக்குத் திரும்ப அண்ணனுக்கு மனம் இல்லை. கேமராவைக் கழற்றி, மோட்டார் எதுவும் இல்லாத சாதாரண ட்ரைபாட்டில் மாட்டி, களத்துக்குக் கொண்டுபோய் வடக்கே திருப்பி வைத்தார். ஒரு மணி நேரம், தொடர்ந்து படங்கள். கூச்சலில் விழித்திருந்த குட்டி போர்வையோடு வந்து நின்றாள். வடகிழக்கில் சப்தரிஷிகள் ஏறியிருந்தார்கள். கல்யாணத்தில் ஐயர் காட்டுகிற அருந்ததியை அண்ணி முதன்முறையாக நிஜமாகப் பார்த்தார்!

"துருவன் எங்கேப்பா?"

அண்ணன் அவள் கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, அடிவானத்தில் வைத்தார். மேலே ஒரு விரல். "அங்கே."

இரண்டு வெளிச்சக் குவியல்களுக்கு நடுவே, மங்கலாக, ஒன்றே ஒன்று. அவள் கண்ணுக்கு அது பிடிபட ரொம்ப நேரம் ஆனது. "இதுவா? இவ்ளோ சின்னதா?"

விடிந்ததும் படங்களைச் சேர்த்துக் காட்டினார் அண்ணன். நட்சத்திரம் எல்லாம் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருந்தன. கோடு விழக்கூடாது என்று ராத்திரி முழுக்க நாங்கள் போராடிய அதே கோடுகள். நடுவில் ஒன்று மட்டும் அசைந்தும் அசையாமல் புள்ளியாக நின்றது. கீழே ஓசூர், அதற்குப் பக்கத்தில் பெங்களூரு.

குட்டி திரையில் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை மெதுவாகக் கீழே, ஓசூர் வெளிச்சம் வரைக்கும் இறக்கினாள்.

"நம்ம வீடு இங்கே இருக்கா? அப்போ வீட்டுக்கு மேலயே இருக்கு. நமக்குத்தான் தெரியலை!"